நாலோங்கோ வாயில் ஒரு மிடறு தண்ணீர்

போனைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறாள் நாலோங்கோ. பேசுவதற்கல்ல, சூடு பார்ப்பதற்கு. பத்து நிமிடம் விளையாடி முடித்ததும், காய்ச்சல் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல், போனின் முதுகைக் கன்னத்தில் ஒற்றி எடுப்பாள். "கொதிக்குதுடா. உன் விளையாட்டு நல்லா இருக்கா இல்லையாங்கிறது அப்புறம். இதை இன்னும் ரெண்டு தடவை ஆடினா இது மேல மட்டோக்கே வாழைக்காயே வெந்துடும்." எதிரில் நிற்பவன் தலையைச் சொறிவான். இரண்டு நாள் கண்விழித்து அவன் செய்த விளையாட்டு அது.

சொந்தப் பெயர் எஸ்தர் நம்பூசி. அந்தப் பெயரால் யார் கூப்பிடுகிறார்கள்! இரட்டைப் பிள்ளை பெற்ற நாளிலிருந்து கம்பாலாவுக்கு அவள் நாலோங்கோ. அவள் கணவர் முயிங்கோ, இரட்டையரின் அப்பா என்பதால் சாலோங்கோ. பிள்ளைகள் வளர்ந்து ஒருத்தி மசாக்காவிலும் ஒருத்தி குலுவிலுமாக வேலைக்குப் போய்விட்டார்கள். பட்டம் மட்டும் பெற்றவர்களோடு தங்கிவிட்டது. வண்டெகேயா கடைத்தெருச் சந்தடியில் இருவருக்கும் போன் பழுது பார்க்கிற கடை. கடை என்றால் ஒரு மேசை, இரண்டு முக்காலி. எதிரெதிரே உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். அவள் நெற்றியில் எந்நேரமும் ஒரு பூதக்கண்ணாடி ஏறி உட்கார்ந்திருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதோடேயே கோயிலுக்குப் போய், பாதிரியார் பிரசங்கத்தை நிறுத்திவிட்டுப் பார்த்த பிறகுதான் கழற்றினாள்.

கடைக்கு நாலு வாசல் தள்ளி ஒரு மரக்கடை. அதன் மாடியில் வருடத்துக்கு மூன்று முறை கேம் ஜாம் நடக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு தலைப்புச் சொல்வார்கள். ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குள் அந்தத் தலைப்பில் ஒரு விளையாட்டைச் செய்து முடித்துவிட வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு ஒருவர் செய்ததை மற்றவர் ஆடிப் பார்த்துக் குறை நிறை சொல்வார்கள். ஆறு வருடத்துக்கு முன் அங்கே யாருக்கோ சார்ஜர் கொடுக்கப் போனவள், "சும்மா ஒண்ணு ஆடிப் பாருங்க" என்று எவனோ நீட்டியதை வாங்கினாள். அன்றைக்கு உட்கார்ந்தவள்தான்.

அவள் வந்தால் கூடவே ஒரு பிஸ்கட் டப்பா வரும். அதில் பதினொரு பழைய போன்கள், எல்லாம் பழுதுக்குக் கொடுத்தவர்கள் திரும்பி வராதவை. ஒன்றில் திரை கீறல், ஒன்றில் ஓரம் தொட்டால் வேலை செய்யாது, ஒன்று நினைத்தால்தான் எழுந்திருக்கும். "உன் புதுப் போன்ல ஓடறது பெருமையா? இதுல ஓட்டிக் காட்டு. ஊர்ல பாதிப் பேர் கையில இதுதான் இருக்கு." டப்பா திறக்கிற சத்தம் கேட்டால் மாடியில் பாதிப் பேர் சுவரோரம் ஒதுங்குவார்கள்.

நல்லது, கெட்டது என்று அவள் எழுதுவதே இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கோடு போட்ட நோட்டில் ஒவ்வொரு விளையாட்டுக்கும் மூன்றே வரி: எங்கே சிக்கினேன், எங்கே சிரித்தேன், இதை யாருக்குக் காட்டத் தோன்றியது. இப்போது மாடியே அப்படித்தான் எழுதுகிறது. செக்கித்தோ என்று ஒருவன், டாக்சி வேனில் நடத்துநர், வாய் ஓயாத ஆள். ஜாமுக்கு ஜாம் வேன் ஓட்டுகிற விளையாட்டாகவே செய்வான். அவனுக்கு ஒரு முறை எழுதினாள்: "மூணாவது திருப்பத்துல ஏழு தடவை செத்தேன். செஞ்சவன் நீ, உனக்குப் பாதை தெரியும். எனக்கு யாரு சொன்னா?" அந்தத் தாளைக் கிழித்து வேனில் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறான், பாவி.

தண்ணீர் வழக்கத்தைக் கொண்டு வந்தவளும் அவள்தான். விளையாட்டைச் செய்தவர்களுக்கு வாய் நிற்காது. ஆடுகிறவன் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "இப்ப குதி, இல்ல இல்ல, இடது பக்கம், அது பிழை, அதைப் பாக்காதீங்க" என்று உயிரை எடுப்பார்கள். ஒரு நாள் பொறுக்க முடியாமல் மூலையிலிருந்த மஞ்சள் ஜெர்ரிகேனிலிருந்து ஒரு குவளை ஊற்றி செக்கித்தோவிடம் நீட்டினாள். "வாயில வெச்சுக்க. முழுங்காத, துப்பாத. நான் போனைக் கீழ வைக்கிற வரைக்கும்." அன்றிலிருந்து அது சட்டம். ஆடுகிறவர் போனைக் கீழே வைக்கும்வரை செய்தவர் வாயில் தண்ணீர் இருக்க வேண்டும். முன்னாலேயே விழுங்கினாலோ துப்பினாலோ அவர் முறை அதோடு முடிந்தது. அடுத்த ஆள் ஆட மாட்டார். ஒரு விளையாட்டை மொத்தம் மூன்று பேர்தான் ஆடலாம். ஜாமை நடத்துகிற அகிதெங் இதில் கறார். கணக்குப் பிள்ளை வேலை பார்க்கிற பெண், கையில் மணி வைத்திருப்பாள்.

இவ்வளவு அதிகாரம் செய்கிற நாலோங்கோ கடைக்குள் வந்தால் வேறு ஆள். தொழில் முதலில் சாலோங்கோவுடையது. எறும்புத் தலையளவு திருகாணியை ஒரே தடவையில் உட்கார வைப்பார் மனிதர். அவர் வேலை செய்வார், அவள் டார்ச் பிடிப்பாள். இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய வலது கை ஆட ஆரம்பித்தது. மருந்து கொடுத்த டாக்டர், ஆட்டம் குறையும், போகாது என்றார். இடம் மாறி உட்கார்ந்தார்கள். அவள் வேலை செய்தாள், அவர் டார்ச் பிடித்தார். வெளிச்சம் மேசையெல்லாம் ஆடும். அவளுக்கு அது குறையாகவே படவில்லை. போனுக்குள் ஈயம் பற்றவைத்த இடத்தில் மயிரிழை விரிசல் இருந்தால் ஆடாத வெளிச்சத்தில் தெரியாது. வெளிச்சம் அசைந்தால்தான் அது மினுக்கென்று காட்டும்.

நான்கு மாதத்துக்கு முன் ஒரு நாள் செக்கித்தோ போன் கொடுக்க வந்தான். சும்மா இருக்க மாட்டானே. "என்ன சாலோங்கோ, கடைக்குள்ள டான்ஸ் ஹாலே வெச்சிருக்கீங்க! லைட்டு என்னமா ஆடுது!" கடையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சாலோங்கோவும் சிரித்தார். மறுநாளிலிருந்து கடைக்கு வரவில்லை. கையைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டார். எந்த வெயிலிலும் கோட்டு. நாலோங்கோ மேசையில் ஒரு விளக்கை மாட்டிக்கொண்டாள். அந்த மாதத்திலேயே மூன்று போன் சரியாகவில்லை என்று திரும்பி வந்தது. வீட்டில் போய்ச் சொன்னாள். "நீங்க ஆட்டின வெளிச்சத்துலதான் எனக்கு விரிசல் தெரிஞ்சுது. வந்து உக்காருங்க." அவர் நம்பவில்லை. "ஆறுதல் சொல்லாத, நாலோங்கோ" என்று சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். செக்கித்தோவிடம் அவள் இதைச் சொல்லவே இல்லை. அவன் அழுதுவிடுவான் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கு வேண்டியதெல்லாம் எதிர் முக்காலியில் அந்த முழங்கால்.

இந்த முறை தலைப்பு 'இரண்டு பேர்'. வெள்ளிக்கிழமை அதைக் கேட்டதும் நாலோங்கோ பெயர் கொடுத்துவிட்டாள். மாடியே வாயைப் பிளந்தது. ஆறு வருடமாக அடுத்தவன் விளையாட்டில் நொட்டை சொன்னவள் முதல் தடவையாகச் செய்கிறாள்! யாரும் திரும்ப வாங்க வராத ஒரு மடிக்கணினியில், கட்டளை எழுதிய கட்டங்களைத் திரையில் அடுக்கி அடுக்கிச் செய்தாள். கறுப்புத் திரை. விரலை வைத்தால் அந்த இடத்தில் ஒரு வட்ட வெளிச்சம். அதற்குள் ஒரு மேசை, பிரித்துப் போட்ட போன், ஒரு பெண்ணின் கைகள். விரல்தான் டார்ச். வெளிச்சம் அசைந்தால் விரிசல் மினுக்கும்; மூன்று விரிசலையும் கண்டுபிடித்தால் அவள் பற்றவைப்பாள், செத்த போன் மணியடிக்கும். அவ்வளவுதான் விளையாட்டு.

ஞாயிற்றுக்கிழமை காலை டப்பாவைக் கட்டில் மேல் வைத்துவிட்டு வந்தாள். பதினொரு மணிக்குப் போன் செய்தாள்.

"சாலோங்கோ, டப்பாவை மறந்துட்டேன். ரெண்டு மணிக்குள்ள கொண்டு வந்துடுங்க."

"அந்த டப்பாவையா? உன் தலையை மறந்தாலும் அதை மறக்க மாட்டியே நீ."

"வயசாகுதில்ல. கொண்டு வாங்க."

சாப்பாடு முடிந்து மணி அடித்ததும் முதலில் அவள் விளையாட்டுதான். எல்லோரும் அதற்குத்தானே காத்திருந்தார்கள்! அவளுடைய போனையே மேசையில் வைத்தாள். செக்கித்தோ குவளையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தான். "குடிங்க மகாராணி. முழுங்காதீங்க." கன்னம் உப்ப உட்கார்ந்தாள்.

அகிதெங் ஆடினாள். விரலை வைத்தாள், வெளிச்சம் வந்தது, அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. வேறு இடத்தில் வைத்தாள், அசையாமல் பிடித்தாள். "அழகா இருக்கு. ஆனா என்ன பண்ணணும்னு தெரியலையே" என்று கீழே வைத்தாள். அடுத்து ஆடிய செக்கித்தோவும் அதே. நாலோங்கோவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் தானே ஆடிப் பார்த்தபோதெல்லாம் சாலோங்கோவின் டார்ச்சை நினைத்துக்கொண்டு விரலை ஆட்டியிருக்கிறாள். ஊரில் மற்றவர்களுக்குக் கை நிலையாக நிற்கும் என்பதை அடியோடு மறந்துபோனாள். அசைக்க வேண்டும் என்று விளையாட்டில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. இப்போது சொல்ல வாயும் இல்லை.

செக்கித்தோ நோட்டை வாங்கினான். எழுதியதை உரக்கப் படித்தான். "மொத நிமிஷத்துலயே சிக்கினேன். செஞ்சவங்க நீங்க, உங்களுக்குப் பாதை தெரியும். எனக்கு யாரு சொன்னா?" கூரை இடியச் சிரித்தார்கள். நாலோங்கோவுக்கும் சிரிப்பு வந்தது, மூக்கு வழியே கொஞ்சம் தண்ணீரும் வந்தது. ஆனால் கண் வாசலுக்குப் போனது; டப்பா கொண்டு வர வேண்டியவரை இன்னும் காணோம். சட்டப்படி இன்னும் ஒருவர்தான் ஆடலாம். மறுபடி தண்ணீரை வாயில் வாங்கிக்கொண்டாள்.

இடது கக்கத்தில் டப்பாவும் வலது கை பைக்குள்ளுமாக சாலோங்கோ வாசலில் நின்றார். டப்பாவை வைத்துவிட்டுத் திரும்பிப் போகப் பார்த்தார். அகிதெங் வழி மறித்தாள்.

"உள்ள வந்தவங்க ஒண்ணாவது ஆடிட்டுத்தான் போகணும் சாலோங்கோ. கீழ மரக்கடைக்காரரே ஆடியிருக்கார்."

"எனக்கெதுக்கும்மா. கண்ணு சரியில்ல."

"நாலோங்கோ செஞ்சதுங்க!"

அவர் மனைவியைப் பார்த்தார். உப்பின கன்னம், பிதுங்கின கண், நெற்றியில் பூதக்கண்ணாடி. அவருக்குச் சிரிப்பு பீறிட்டது. "இருபத்தாறு வருஷத்துல இவ வாய் மூடி இன்னிக்குத்தான்யா பாக்கறேன்!" என்றார். அந்தச் சிரிப்போடேயே உட்கார்ந்துவிட்டார்.

போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் தொட்டார். வெளிச்சம் வந்தது, நின்றது. "எங்க யாருக்குமே வரல, விட்டுடுங்க" என்றான் செக்கித்தோ. சாலோங்கோ விடவில்லை. திரைக்கு அருகே குனிந்தார். படத்திலிருந்த மேசையின் மூலையில், பற்றவைக்கும் கோல் சுட்ட கறுப்புத் தழும்பு ஒன்று.

"இது நம்ம மேசை" என்றார்.

நாலோங்கோ தலையாட்டினாள். பேசிவிடலாமா என்று நினைத்தாள். துப்பிவிட்டு, "வலது கையை எடுங்க" என்று கத்திவிடலாம். அப்படிச் சொன்னால் அது மறுபடி ஆறுதலாகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். அவர் படத்தையே வெகுநேரம் பார்த்தார். பிறகு கோட்டுப் பையிலிருந்து வலது கை வெளியே வந்தது. ஆடிக்கொண்டேதான் வந்தது. யாரையும் பார்க்காமல் ஆள்காட்டி விரலைத் திரையில் வைத்தார்.

வெளிச்சம் மேசையெல்லாம் ஆடியது. ஓரத்தில் மினுக்கென்றது ஒன்று. "அட!" என்றாள் அகிதெங். இன்னொன்று. மூன்றாவதைத் தேட வேண்டியிருக்கவில்லை, அதுவாகவே பளிச்சென்றது. படத்துக் கைகள் பற்றவைத்தன. செத்த போன் மணியடித்தது.

"எப்படிச் சாலோங்கோ?" செக்கித்தோ எட்டிப் பார்த்துத் தன் விரலை வைத்தான். வெளிச்சம் குத்துக்கல்லாக நின்றது.

"அப்படிப் பிடிச்சா எப்படித் தெரியும்?" சாலோங்கோ தன் வலது கையால் செக்கித்தோவின் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டார். இரண்டு கையும் சேர்ந்து ஆடின. "விரிசலைப் பாக்கணும்னா ஆட்டணும். ஆட்டுடா. டான்ஸ் ஹால் மாதிரி."

செக்கித்தோ நிமிர்ந்து அவரைப் பார்த்தான். நாலு மாதத்துக்கு முன் தான் சொன்னது அவனுக்கு ஞாபகம் வந்தது. கையை அவர் பிடியிலேயே விட்டு வைத்திருந்தான். "இங்க பாரு, மினுக்குது பாரு" என்று அவர் அவனை இழுத்து, முதலிலிருந்து ஆரம்பித்தார். அகிதெங் நோட்டை நீட்டினாள். அவர் கவனிக்கவே இல்லை.

மூன்றாம் முறையும் மணியடித்தது. சாலோங்கோ போனைக் கீழே வைக்கவில்லை. எதிரே நாலோங்கோ, உப்பின கன்னத்தில் கண்ணீர் வழிய, வாயிலிருந்த தண்ணீரை விழுங்காமல் உட்கார்ந்திருந்தாள்.