வாளியில் வந்த மாப்பிள்ளை

வோபர்னில் வீடு வாங்கிய வருடமே கிளடிஸ் முன்வாசலின் இரு பக்கமும் ஹொலிச் செடி நட்டாள். பளபளக்கும் முள் இலையும் சிவப்புப் பழமுமாய், தன் கையால் வளர்த்த கொப்பு ஒன்று கிறிஸ்து பிறப்பான நத்தாருக்கு மாதா கோயிலின் பாலன் குடிலில் இருக்கவேண்டும் என்பது அவள் ஆசை. ஆறு வருடமாயிற்று. செடிகள் இடுப்பளவு வளர்ந்தன. பழம் மட்டும் ஒன்றுகூட இல்லை. கணவர் அன்புராசா ஒவ்வொரு ஒக்ரோபரும் கத்தரிக்கோலோடு இறங்கி இரண்டையும் பந்துபோல வெட்டிவிடுவார். தெருவில் போகிறவர்கள் மெச்சுவார்கள்.

ஏழாவது மே மாதம், இரண்டு செடியிலும் உள்ளே ஒளிந்து பூத்திருந்த கொப்பு ஒவ்வொன்றை முறித்துக்கொண்டு நாற்றுக் கடைக்குப் போனாள். அங்கிருந்த பெண் ஒரு பூவை நகத்தால் விரித்துக் காட்டினாள். நடுவில் குண்டூசித் தலையளவு பச்சை மணி. அது பெண் செடியாம். ஆண் பூவில் மஞ்சள் தூள் இருக்குமாம். அது கிட்ட இல்லாவிட்டால் காய்க்காதாம். கிளடிஸிடம் இருந்த இரண்டுமே பெண். கடையிலோ ஆண் செடி முடிந்துவிட்டது. அடுத்த வருடப் பூ இந்த வருடக் கொப்பில்தான் வரும், ஒக்ரோபரில் வெட்டினால் பூவும் போய்விடும் என்றும் அவள் சொல்லியனுப்பினாள்.

"இஞ்சாருங்கோ, ஆறு வருசமா என்ரை பழத்தை வெட்டி எறிஞ்சது நீங்கள்தான்" என்றாள் கிளடிஸ், வீட்டுக்குள் கால் வைத்ததும்.

அன்புராசா எழுந்தார். கராஜுக்குப் போய்க் கத்தரிக்கோலை உயர ஆணியில் கொழுவிவிட்டு வந்தார்.

மறுநாள், அஜின்கோர்ட்டில் தான் வேலை செய்யும் முதியோர் இல்லச் சமையலறையில், சாப்பாட்டு நேரத்தில் இதைச் சிரிப்பாகச் சொன்னாள். விட்பியிலிருந்து வேலைக்கு வரும் ஏஞ்சலாவும் சேர்ந்து சிரித்தாள். பிறகு போனில் ஒரு படத்தைத் தேடி நீட்டினாள்.

"அக்கா, உதைப் பாருங்கோ. என்ரை வீட்டிலையும் ஒண்டு நிக்குது. நிறையப் பூக்கும், ஒரு காய் இல்லை. என்ரை மனுசன் றூபன் பிடுங்கப்போறன் எண்டு நிக்கிறார்."

கிளடிஸ் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பூவெல்லாம் மஞ்சள் தூள்.

"அதைத் தொடவேண்டாமெண்டு அவரிட்டைச் சொல்லும், பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை வாறன்."

ஞாயிறு பூசை முடிந்ததும் ரயிலேறினாள். திரும்பும்போது மடியில் ஒரு வாளி, வாளியில் அரைவாசி தண்ணீர், அதில் பூத்த கொப்புகள் ஒரு கட்டு. "மாப்பிள்ளையைக் கவனமாக் கொண்டு போங்கோ" என்று ஏஞ்சலா ஸ்டேஷன் வரை வந்து ஏற்றிவிட்டாள்.

வாளியை இரண்டு செடிக்கும் நடுவில் வைத்தாள். அன்றிரவே மழை பிடித்தது. மூன்று நாளாகியும் விடவில்லை. மழையில் ஒரு தேனீயும் வரவில்லை; வாளியில் பூக்கள் வாடத் தொடங்கின. நான்காம் நாள் காலை கிளடிஸ் ஒரு சின்னத் தூரிகையோடு வெளியே இறங்கினாள். மஞ்சள் தூளைத் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு பூவாகத் தடவினாள். முதுகில் விழுந்த மழை திடீரென நின்றது. நிமிர்ந்து பார்த்தால், அன்புராசா பைஜாமாவோடு குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

"இந்தப் பக்கம் ஒண்டு விடுபட்டுப்போச்சு" என்றார்.

ஜூனில் பச்சைக் காய்கள் தெரிந்தன. எண்பத்திமூன்று என்று அன்புராசா எண்ணிச் சொன்னார். ஜூலை வெயிலில் காய்கள் கொட்டத் தொடங்கவும், கிளடிஸ் அடியில் மரச்சீவல் பரப்பி, வேர்வரை இறங்கும்படி விடியவே தண்ணீர் விட்டாள். கொட்டுவது நின்றது. நவம்பரில் மிச்சமெல்லாம் சிவந்தன. குருவிகள் வந்து நோட்டம் பார்த்தன. அவள் பழைய வலைத் திரைச்சீலைகளைச் செடிகளுக்குப் போர்த்திக் கட்டினாள்.

"கலியாணப் பொம்பிளை மாதிரி இருக்கு" என்றார் அன்புராசா.

நத்தாருக்கு மூன்று கொப்புத்தான் வெட்டினாள். இரண்டு பாலன் குடிலுக்கு, ஒன்று ஏஞ்சலாவுக்கு. ஏஞ்சலா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"றூபனுக்குக் காட்டவேணும். எங்கடை மரம் ஒண்டுக்கும் உதவாது எண்டவர்."

ஜனவரியில் கிளடிஸ் திரைச்சீலையை அவிழ்த்துவிட்டாள். அடுத்த சனிக்கிழமை ஒரு கூட்டம் பறவைகள் வந்து இறங்கி, மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் முடித்தன. அவை கொத்தத் தொடங்கியதுமே அன்புராசா ஜன்னல் கண்ணாடியைத் தட்டக் கை ஓங்கினார். கிளடிஸ் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்கோ. பசியில வந்திருக்குதுகள்."