சென்றாயனுக்குத் தேர்டு பார்ட்டி

திருச்செங்கோட்டில் சாமி கும்பிட மறப்பவர்கள் உண்டு. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிக்கு இன்சூரன்ஸ் புதுப்பிக்க மறப்பவர்கள் கிடையாது. அதை நம்பித்தான் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் என் கடை ஓடுகிறது. வண்டி எண்ணைச் சொன்னால் போதும், பாலிசியை அச்செடுத்துக் கையில் கொடுத்துவிடுவேன். ஆனால் ஓர் ஆள் வந்து, "லாரிக்குப் போடற மாதிரி எனக்கொரு தேர்டு பார்ட்டி போட்டுடுங்க அம்மிணி" என்று நின்றது அன்றைக்குத்தான்.

"உங்களுக்கு எத்தன சக்கரமுங்ணா?" என்று கேட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அவர் சிரிக்கவில்லை. உட்காரச் சொன்னதும் நாற்காலி அழுக்காகிவிடும் என்று நின்றுகொண்டே பேசினார். சட்டை முழுக்க மரத்தூள். பேர் சென்றாயன். வீட்டுக்கு மேல் சாய்ந்த கிளைகளைக் கழிப்பது, கரண்டுக் கம்பியில் உரசும் கொப்புகளை இறக்குவது, பட்டுப்போன தென்னையைத் துண்டு துண்டாக அறுத்துக் கயிற்றில் இறக்குவது, இதுதான் தொழில். மச்சான் கலையரசன் அறுக்கும் மெஷினோடு மேலே ஏறுவான், இவர் கீழே கயிறு பிடிப்பார். இருவரும் சேர்ந்து சங்ககிரி வரை எத்தனையோ தெருக்களில் மரம் கழித்திருக்கிறார்கள்.

போன வருடம் ஒரு புளியங்கொப்பு கயிற்றோடு திரும்பி, கீழே நின்ற ஒருவரின் கார் மேல் விழுந்துவிட்டது. அதற்கு ஈடு கட்டியதில் கட்டுத்தறியில் இருந்த மாடுகள் போயின. மனைவி முத்தாயம்மாளின் காதில் இருந்ததும் போயிற்று. மிச்சம் இருப்பது இருவரும் பாடுபட்டுக் கட்டிய கான்கிரீட் தார்சு வீடு ஒன்றுதான்.

"இன்னொரு கொப்பு உழுந்துச்சுன்னா ஊடுதானுங்க போகும். மேல மெஷின் சத்தம் கேக்கறப்பெல்லாம் எனக்கு ஊடுதான் அம்மிணி கண்ணுக்குத் தெரியுது" என்றார்.

அதற்கு மேல் இன்னொரு காரணமும் இருந்தது. பக்கத்து இன்ஜினியரிங் கல்லூரியில் வளாகத்து மரங்களைப் பார்த்துக்கொள்ள வருடம் முழுவதற்கும் ஓர் ஆள் தேடினார்கள். அங்கே கட்டட நிர்வாகம் பார்க்கும் சபரிநாதன் இவருடைய வேலையைப் பார்த்து அசந்துபோய்விட்டார். ஆனால் அடுத்தவர் சொத்துக்குச் சேதம் வந்தால் ஈடு தரும் பாலிசி இல்லாமல் கேட்டுக்கு உள்ளே விட முடியாது என்று சொல்லிவிட்டார்.

இது என்ன பெரிய விஷயம் என்று நினைத்துத்தான் தேட ஆரம்பித்தேன். ஒரு கம்பெனியில், மரம் வெட்டுவது எந்த வகைத் தொழிலில் சேரும் என்று என்னையே கேட்டார்கள். இன்னொரு கம்பெனி சொன்ன பிரீமியத்தைச் சென்றாயனிடம் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்தப் பணம் இருந்தால் அவர் மரத்தையே தொட வேண்டாம். மூன்றாவதில் தொகை குறைவுதான், ஆனால் உயரத்தில் செய்யும் வேலைக்குப் பொருந்தாதாம். தரையில் நின்றுகொண்டு எந்த மரத்தைக் கழிப்பது? கேட்டுவிட்டேன். போனை வைத்துவிட்டார்கள். சேலத்தில் ஓர் அலுவலகத்தில் மூன்று வருடத்துக் கணக்கும் தணிக்கையாளர் கையெழுத்தும் கேட்டார்கள். சென்றாயன் வெற்றிலைப் பாக்குப் பையிலிருந்து கசங்கிய ஒரு சின்னக் கணக்கு நோட்டை எடுத்து நீட்டினார். எனக்கு அந்த அலுவலகத்தின் மேல் வந்த கோபத்தை அவர் மேல்தான் காட்டினேன். பாவம், தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

அவர் விடவில்லை. வேலை முடிந்து போகும்போதெல்லாம் வண்டியைக் கடை ஓரம் நிறுத்தி எட்டிப் பார்ப்பார். "ஏதாச்சு ஆச்சுங்களா அம்மிணி?" கடைசியில் அவரைப் பார்க்கப் பிடிக்காமலேயே நான் வெறியோடு தேடினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கம்பெனி ஒப்புக்கொண்டது. கிளை கழிப்பதற்கு மட்டும், சின்னத் தொகைக்கு, அவர் கட்டக்கூடிய பிரீமியத்தில்.

பாலிசியைக் கையில் கொடுக்கும்போது விரலை ஆட்டிச் சொன்னேன். "இங்க பாருங்ணா. ஏதாச்சு உழுந்து ஒடஞ்சுதுன்னா மொதல்ல எனக்குத்தான் போன். அங்க நின்னுட்டு தப்பு என்மேலதான், நான் கட்டித் தாரேன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாது. சொன்னீங்கன்னா கம்பெனி ஒத்தப் பைசா தராது."

"சேதாரம் பண்ணிப்போட்டு அவிய மூஞ்சியப் பாத்துட்டு எப்படிங்க சும்மா நிக்கறது?"

"மூஞ்சியப் பாக்காதீங்க. தரையப் பாருங்க."

சரி என்றார். பாலிசியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். கல்லூரி வேலையும் கிடைத்தது. ஆனால் அங்கே பில் கொடுத்தால் பணம் வர மாதக் கணக்காகும். அதுவரை அடுப்பெரிய வேண்டுமே, அதனால் தெரு வேலையையும் விடவில்லை.

ஆடிக் காற்று ஆரம்பித்த நேரம். ஒரு மதியம் போன் வந்தது. "அம்மிணி, நான் ஒண்ணும் பேசலீங்க. வாயவே தொறக்கல."

ஒரு வீட்டுத் தூங்குமூஞ்சி மரத்தைக் கழிக்கும்போது பெரிய கொப்பு ஒன்று காற்றில் சுழன்று, பக்கத்துத் தறிக்கூடத்தின் சிமெண்ட் அட்டைக் கூரையைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விட்டது. உள்ளே யாரும் இல்லாதது நல்ல காலம். தறி இரண்டு நொறுங்கி, புதிதாய் ஏற்றிய பாவு நூல் அறுந்து தொங்கியது. தறிக்கூடம் பெருமாயி என்ற வயதான பெண்ணுடையது. மகனை இழந்து, அந்தத் தறிகளை வைத்துத்தான் பேத்தியைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஊரே கூடியிருந்தது. பெருமாயி சென்றாயனின் கையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். "ஏஞ்சாமி, ஒரு வார்த்த சொல்லு சாமி. ஒண்ணுஞ் சொல்லாம நிக்கறயே. உன்ன நம்பித்தான உட்டேன்."

சென்றாயன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் சொன்னபடியே. உதட்டைக் கடித்திருந்தார். கூட்டத்தில் ஒருவர் காறித் துப்பினார். அந்த நேரத்திலும் எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஒரு வாரம் தாங்கிவிட்டால் பணம் வந்துவிடும், பெருமாயிக்கும் தறி வந்துவிடும், இவர் வீடும் தப்பிவிடும் என்று கணக்குப் போட்டேன்.

சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர் வந்தார். நல்ல மனிதர்தான், பொறுமையாகக் கேட்டார். கூரையை அளந்தார், படம் எடுத்தார், சென்றாயன் யாரிடம் என்ன சொன்னார் என்று விசாரித்தார். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை என்று ஊரே கோபத்தோடு சாட்சி சொன்னது. எனக்குத் தலை நிமிர்ந்தது.

அப்போதுதான் பெருமாயி முன்னால் வந்தார். நான்கு நாள் கோபம் ஆறியிருந்தது. வந்திருப்பவர் பணம் தரப் போகிறவர், சென்றாயனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொன்னால் அந்த ஆளுக்கு உதவும் என்று நினைத்துவிட்டார்.

"அந்தத் தம்பி கெட்டவன் இல்லீங்க. பயத்துல பேச்சு வரல, அவ்வளவுதான். மரத்தத் தொடறதுக்கு முன்னாலயே சூடம் ஏத்தி, எங்க அல்லாரு முன்னாலயும் சத்தியம் பண்ணிக் கொடுத்துட்டுத்தானுங்க மேல ஆளேத்துனாரு. சேதாரம் ஆச்சுன்னா எவந் தப்புன்னு பாக்க மாட்டேன், என்ற ஊட்ட வித்தாவது நானே கட்டித் தாரேன்னாருங்க. அந்த வாக்குக்குத்தான் நான் உட்டேன்."

சர்வேயர் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சென்றாயனைப் பார்த்தார். "எல்லா வேலைக்கும் இப்படிச் சொல்லுவீங்களா?"

"சொல்லாம எப்படிங்க மரத்தத் தொடறது?" என்றார் சென்றாயன். தன் தொழில் சுத்தத்தைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து, அன்றைக்குத்தான் நிமிர்ந்து பதில் சொன்னார்.

மரத்துக்குச் சூடம் காட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். இந்தப் பக்கம் எல்லோரும் செய்வதுதான், மரத்திடம் உத்தரவு கேட்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டு நிறுத்தி, அந்தச் சூடத்தின் மேல் வீட்டையே வைப்பார்கள் என்று தெரியாது. விழுந்த பிறகு வாயைத் திறக்காதே என்று விரல் ஆட்டினேன். விழுவதற்கு முன்பே அவர் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தார்.

முன்கூட்டியே வாக்குக் கொடுத்துத் தானாக ஏற்றுக்கொண்ட பொறுப்புக்குப் பாலிசி பொருந்தாது என்று கம்பெனி எழுதிவிட்டது. நான் சண்டை போட்டேன், மேலே எழுதினேன், சேலத்துக்கு நேரில் போய்க் கத்தினேன். நிபந்தனையில் இருக்கிறது மேடம் என்றார்கள். ஆமாம், இருந்தது.

சென்றாயன் வீட்டுப் பத்திரத்தை ஒரு ஃபைனான்ஸில் அடகு வைத்துப் பெருமாயிக்குக் கூரையும் தறியும் போட்டுக் கொடுத்தார். முத்தாயம்மாள் என் கடைக்கு வந்து ஒன்றும் திட்டவில்லை. "அப்ப அந்தக் காயிதம் எதுக்குங்க அம்மிணி?" என்று மட்டும் கேட்டார். அவர் திட்டியிருக்கலாம்.

வருடம் திரும்பியதும் சென்றாயன் வந்து நின்றார். "புதுப்பிச்சுடுங்க அம்மிணி."

"எதுக்குங்ணா? அது தர்றதும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"அது இல்லீன்னா காலேஜ்ல உட மாட்டாங்க. காலேஜ் இல்லீன்னா வட்டி கட்ட முடியாது. வட்டி கட்டுலீன்னா ஊடு போயிருமுங்க."

"அப்படின்னா அந்தச் சத்தியத்தயாவது உடுங்க. பாலிசி இருக்குதுன்னு காட்டுங்க, போதும்."

"காட்டிப் பாத்தனுங்க. காயிதம் கெடக்கட்டும், நீ சொல்லுன்னு மரத்தடில வந்து உக்காந்துக்கறாங்க. ரெண்டு வேல அப்படியே போயிருச்சு." பிரீமியப் பணத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். "கயிறு கட்டி ஏறுனவன் பாதில மாட்டிக்கிட்டா எறக்கி உட்டுருவேனுங்க. இதுல யாரு எறக்கறதுன்னுதான் தெரியல." புதுப்பித்துக் கொடுத்தேன்.

போன மாதம் எங்கள் வீட்டுக்குப் பின்புறம் மெஷின் சத்தம் கேட்டது. பின்வீட்டு மருதாசலம் தன் வேப்பமரத்தைக் கழிக்க ஆள் வைத்திருந்தார். அதன் பெருங்கொப்பு எங்கள் மாடிக்கு மேலேதான் நீட்டிக்கொண்டிருக்கிறது. மாடியில் வங்கிக் கடன் வாங்கி அப்போதுதான் சோலார் தகடு போட்டிருந்தோம். நான் ஓடிப் போய்ப் பார்த்தால் கீழே கயிற்றோடு நின்றது சென்றாயன். கலையரசன் மெஷினை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

என்னைக் கண்டதும் சென்றாயன் முகம் மலர்ந்துவிட்டது. அவர் சூடம் எடுக்கவில்லை. என் முன்னால் எடுக்க வேண்டியதில்லை என்று நம்பினார். இந்த ஊரிலேயே அந்தச் சத்தியத்தைக் கேட்காத ஒரே பக்கத்து வீட்டுக்காரி நானாகத்தானே இருக்க முடியும்? "அம்மிணி ஊடா இது! அப்ப ஆரம்பிச்சரலாமுங்களா?" என்றார்.

மருதாசலம் என்னைப் பார்த்தார். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் கொப்பைப் பார்த்தேன். காற்று வீசிக்கொண்டிருந்தது. கொப்புக்கு நேர் கீழே தகடுகள் பளபளத்தன. அந்தப் பாலிசியில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று அங்கே நின்றவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும். அவர் சத்தியம் செய்யும் வீட்டின் பத்திரம் அடகில் கிடக்கிறது என்பது மருதாசலத்துக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

சரி என்ற ஒரு சொல் என் வாயில் வரவில்லை. வாய் நீளம் என்று பேர் வாங்கியவள் நான்.

சென்றாயன் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு முகம் சுருங்கியது. கயிற்றைத் தோளிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, மடியிலிருந்து சூடத்தை எடுத்து வேர்மேட்டில் வைத்தார். சட்டைப்பையைத் துழாவினார். தீப்பெட்டி இல்லை.

நான் சமையலறைக்குப் போய்த் தீப்பெட்டியை எடுத்துவந்து கொடுத்தேன். அவர் பற்றவைத்தார். என் முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்தபடி, "என்ற ஊட்ட வித்தாவது" என்று ஆரம்பித்தார்.