சித்தப்பாவுக்குக் கிடைத்த குரல்

சித்தப்பாவுக்கு வில்லன் வேஷம் கிடைத்தது நடிப்பால் அல்ல, மீசையால். கீழ்வேளூர்ப் பக்கம் எங்கள் ஊரில் மாரியம்மன் திருவிழாவுக்கு வருஷாவருஷம் இளவட்டங்கள் நாடகம் போடுவார்கள். அந்த வருஷம் சமூக நாடகம். பொண்டாட்டியைக் கொடுமைப்படுத்தும் பண்ணையார் வேஷத்துக்கு ஆள் தேடியபோது, ஊரிலேயே பார்க்கும்படியான மீசை அவருக்குத்தான் இருந்தது.

குரல்தான் தகராறு. சித்தப்பா பண்ணையாராகக் கத்தினால் கோழிகள் சிதறும், மனிதர்கள் சிரிப்பார்கள். பார்த்த சினிமா வில்லன்களையெல்லாம் ஒன்றாகக் குழைத்தார். கண்ணை உருட்டினார், தொண்டையைக் கரகரப்பாக்கினார். நெல் கொள்முதல் நிலையத்துக் களத்தில் ஒத்திகை நடத்திய நாடக வாத்தியார் நொந்துபோய், "நெசமான கெட்டவன் ஒருத்தனைப் பாத்துட்டு வாப்பா" என்று அனுப்பிவிட்டார். கல்யாணமாகாத சித்தப்பா எங்கள் வீட்டோடுதான் இருந்தார். கெட்டவனுக்கு எங்கே போவது என்று வந்து புலம்பினார்.

இங்கே என் அப்பாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஊரில் அவருக்குத் தங்கமான மனுஷன் என்று பெயர். வாய்க்கால் தண்ணீரில் சண்டை வந்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அதிர்ந்து ஒரு வார்த்தை வராது. வீட்டிலும் வராது. அம்மா மேல் கோபம் வந்தால் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போடுவார். தலையை லேசாகச் சாய்த்து, "சாப்பிட்டியாம்மா?" என்பார். எங்கள் பக்கத்தில் யார் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் கேட்கிற கேள்வி அது. எங்கள் வீட்டில் அதைக் கேட்டால் நான் மாட்டுக்கொட்டகைக்கு ஓடிவிடுவேன். அப்புறம் விழும் அடி அக்கம்பக்கத்துக்குத் தெரியாது, ஏனென்றால் அம்மாவும் சத்தம் போட்டு அழ மாட்டாள்.

மறுநாள் மத்தியானம் அப்பா வயலில் இருந்தார். அம்மா கொல்லையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். சித்தப்பா கிணற்றடியில் நின்று வழக்கம்போல் கத்திப் பழகினார்.

"கத்துறவனைப் பாத்து யாரு தம்பி பயப்படுவா?" என்றாள் அம்மா.

கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு எழுந்தாள். இல்லாத கடிகாரத்தை மணிக்கட்டிலிருந்து நிதானமாகக் கழற்றினாள். தலை சாய்ந்தது.

"சாப்பிட்டியாம்மா?"

அம்மா நின்ற இடத்தில் அப்படியே அப்பா நின்றார். நான் சிரித்துவிட்டேன். சித்தப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"வேணாம் அண்ணி. அண்ணன் முன்வரிசையிலதான் உக்காருவாங்க."

"உக்காரட்டும் தம்பி. நல்லாப் பாக்கட்டும்" என்று அம்மா திரும்ப அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்தாள்.

திருவிழா வரைக்கும் மத்தியானங்களில் கொல்லையில்தான் ஒத்திகை. "அவசரப்படாதீங்க. கடிகாரத்தைக் கழட்டுறதுக்குள்ளயே அவளுக்குப் பாதி உசுரு போயிடணும்" என்று அம்மா திருத்துவாள். எனக்கு அவளை நினைத்துப் பெருமையாக இருந்தது. கூடவே, அப்பா வந்துவிடுகிறாரா என்று வாசலையும் பார்த்துக்கொண்டேன். அப்பாவுக்குத் தெரிந்தால் அம்மா என்ன ஆவாள்?

நாடகத்தன்று கோயில் எதிரே பந்தலில், முன்வரிசை நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார். பெண்கள் பக்கம் அம்மாவின் மடியில் நான். பண்ணையார் வந்தார். கடிகாரத்தைக் கழற்றினார். "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார். கடலை கொறித்த வாய்களெல்லாம் நின்றுவிட்டன. எங்களுக்குப் பின்னால் ஒருத்தி, "கட்டையில போறவன்" என்று பல்லைக் கடித்தாள். நான் மேடையைப் பார்க்கவே இல்லை. கண்டுபிடித்துவிடக் கூடாது, கண்டுபிடித்துவிடக் கூடாது என்று மாரியம்மனை வேண்டியபடி அப்பாவின் முகத்தையே பார்த்தேன். அம்மாவும் மேடையைப் பார்க்கவில்லை. என்னைப் போலவே அவளும் அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நாடகம் முடிந்ததும் மேடையேறி, ஊர் முன்னால் சித்தப்பாவுக்குச் சால்வை போர்த்தினார். கீழே இறங்கியும் அவர் தோளில் போட்ட கையை எடுக்கவில்லை. எங்களிடம் அழைத்து வந்தார்.

"எங்கேருந்துடா புடிச்ச இவனை? எனக்கே ரத்தம் கொதிச்சிடுச்சு."

சித்தப்பா அம்மாவைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்து, "எங்கயோ பாத்த ஆளுண்ணே" என்றார்.

"இப்படியும் ஒருத்தன் இருப்பானா?" என்று அப்பா அம்மாவின் பக்கம் திரும்பினார். "ஒரு பொம்பளைகிட்டப் போயி..." மேலே சொல்லக் கூச்சப்பட்டவர் போலத் தலையை ஆட்டினார். வேஷமில்லை. அவர் மனமாரத்தான் சொன்னார்.

வீட்டுக்கு நடக்கும்போது அப்பா முன்னால் யாருடனோ நாடகத்தைப் புகழ்ந்துகொண்டே போனார். எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து, "தப்பிச்சோம்மா" என்று காதோடு சொன்னேன். அவள் கையை விடுவித்துக்கொண்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அடிபட்ட நாட்களில் கூட அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

பயம் விட்டுப்போனால் அழுகை வரும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். மறுநாள் காலை, கேட்டதைக் கொடுத்த மாரியம்மனுக்கு ஒரு சூடம் ஏற்றிவிட்டு வந்தேன். அம்மாவும் அவளிடம் ஏதாவது கேட்டிருப்பாள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.