சத்தம் எட்டும் தூரம்

நல்லையா தெருவில் இறங்கி அடி எண்ணிக்கொண்டு போனார். பின்னால், அவர் கடைக்குள் ஒரு குழந்தை கஞ்சிராவைத் தட்டிக்கொண்டிருந்தது. புளியமரத்தைத் தாண்டி நின்று, தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார். “அறுவது அடிக்குக் கேக்குது. ஒங்க வீடு ரோட்டுலேருந்து இருவது அடி. வேணாம்மா,” என்று அதன் தாயிடம் சொல்லிக் கஞ்சிராவை வாங்கிக்கொண்டார்.

காஜா பேராங் பகுதியில் பழைய வாத்தியங்களைப் பழுதுபார்த்து விற்பவர் அவர். கடையின் பின்கட்டில்தான் நாங்கள் குடியிருந்தோம். யுத்தத்துக்கு முன்பெல்லாம் பிள்ளைகளின் விரலை நீட்டச் சொல்லிப் பார்ப்பார். முன்பல் விழுந்தவனுக்குப் புல்லாங்குழல் தரமாட்டார். ஜப்பான்காரர்கள் வந்தபின் முதல் கேள்வியே வேறு. “வீட்டுல வயசுப் பொண்ணு இருக்கா?” தாய்மார்கள் கோபித்துக்கொள்வதில்லை. பாட்டுச் சத்தம் வரும் வீட்டுக்குள் சிப்பாய்கள் நுழைந்துவிடுவதை அறிந்தவர்கள்தாம்.

மவுத் ஆர்கனை மட்டும் ஒருவருக்கும் கொடுப்பதில்லை. “அது அவனுங்களுக்கே பிடிச்ச சாமான். நானும் ஊதுறேன்னு வந்து ஒக்காந்துக்குவான்.”

ஒரு காலையில் சிவகாமசுந்தரி வந்தாள். கணவனைச் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துப்போய் ஏழு மாதம். பதினாறு வயது மூத்தவளைப் பரணில் ஒளித்து வைத்திருந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு வந்த ஐந்து வயது பாக்கியலட்சுமி, அப்பாவைக் கேட்டு நாளெல்லாம் அழுபவள்.

“ரொம்ப சூசா அண்ணே, கஷ்டம் தாங்கல. இவ அழற சத்தத்துக்கே நேத்து ஒருத்தன் வாசல்ல வந்து நின்னுட்டான். வெளயாட என்னமாவது கொடுங்க.”

“சத்தத்த அடக்க சத்தம் கேக்குற. நல்ல கூத்து.”

குழந்தை அதற்குள் சின்ன ஆர்மோனியப் பெட்டியைக் கட்டிக்கொண்டுவிட்டது. அப்பா வாசித்தது அதுபோன்ற ஒன்றாம். நல்லையா கிலுகிலுப்பையைக் காட்டினார், ஜால்ராவைக் காட்டினார். பெட்டியிலிருந்து கையைப் பிரித்ததும் அது வீறிட்டது. அந்நேரம் தெருமுனையில் பூட்ஸ் ஒலி. தாய் குழந்தையின் வாயையும் மூக்கையும் சேர்த்துப் பொத்தினாள். ஒலி கடையைக் கடந்து, சந்து திரும்பி, அடங்கியது. அவள் கையை எடுத்தபோது குழந்தையின் உதடு நீலம் பாரித்திருந்தது.

நல்லையா பெட்டியைத் திறந்து, காற்றை ஸ்வரமாக்கும் பித்தளை நாக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கடைசி நாக்கும் வந்தபின் மூடிக் குழந்தையின் முன் வைத்துவிட்டுத் தாயைப் பார்த்தார். “இப்ப எடுத்துட்டுப் போ தங்கச்சி. பரண்ல இருக்குறவளுக்கும் கேக்காது.”

பாக்கியலட்சுமி துருத்தியை அசைத்து ஒரு கட்டையை அழுத்தினாள். காற்று மட்டும் வந்தது. அடுத்ததை அழுத்தினாள்.

“மாமா, இது பாட மாட்டேங்குது.”

நல்லையா ஊசிமுனையால் ஒவ்வொரு நாக்கின் மீதும், அது எந்தக் கட்டைக்கு உரியது என்று கீறிக்கொண்டிருந்தார்.