ஃபில்டர்மேல் போட்ட பழி

சவரிமுத்து அண்ணன் இறந்த செய்தியை, அவர் வேனில் என்னோடு வேலைக்கு வந்த ஏகாம்பரம்தான் எனக்குப் போனில் சொன்னார். ஆலையில் ஷிப்டு மாறும் நேரம், ஒரே இரைச்சல். "நம்ம வேன் அண்ணன் பூட்டாரு கஸ்தூரி" என்று அவர் சொன்னது முதலில் காதில் விழவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னேன். அதை அந்த மனிதர் இரண்டாம் முறை சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. நானும் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

1991இல் அந்த வேனில் என்னுடன் வந்தவர்கள் இதைப் படிப்பீர்கள் என்று நினைக்கிறேன். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு ஒரகடம் சாலையில் ஆலை இல்லாத இடத்தைத் தேட வேண்டும். அன்றைக்கு ஆலையைத் தேட வேண்டும். ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி, சுங்குவார்சத்திரம் போகும் வழியில், மின்விசிறி மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றும் ஆலை ஒன்று இருந்தது. அதற்கு ஆள் ஏற்றி வரும் ஒப்பந்தம் அண்ணனுக்கு. சொந்தமாக ஒரு பழைய டீசல் வேன் வைத்திருந்தார். எஞ்சின் முன்சீட்டுகளுக்கு நடுவில் ஒரு பெட்டிக்குள் இருக்கும்; பக்கத்தில் உட்காருகிறவர்களுக்கு மார்கழியில் சுகம், சித்திரையில் நரகம். அண்ணனுக்குப் பேச்சு குறைவு, பாட்டு அதிகம். பாட்டும் சுமார்தான்.

வேன் கிளம்புவது எங்கள் ஊரான வடக்குப்பட்டிலிருந்து; அண்ணன் வீடும் அங்கேதான். அங்கே ஏறுவது நான் ஒருத்திதான். என் கணவர் பம்பாயில் வேலையில் இருந்தார். வீட்டில் கைக்குழந்தையும், பக்கவாதத்தில் படுத்த மாமியாரும். அடுத்த தெருவிலிருந்து நாத்தனார் மாட்டைக் கறந்து, பாலை ஊற்றிவிட்டு வந்தால்தான் நான் படியிறங்க முடியும். மாடு எனக்காக அவசரப்படுமா? தெருமுனையில் வேன் நிற்கும். அண்ணன் ஒருநாளும் ஹாரன் அடித்ததில்லை. நான் ஓடிவந்து ஏறியதும் கதவைச் சாத்திவிட்டு எடுப்பார். ஒரகடத்தில் காத்திருப்பவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் வேன் தாமதம் என்பது மட்டும்தான்.

ஆலை வாசலில் சட்டம் விசித்திரமானது. வேன் தாமதமானால் அது வேன்காரர் பாடு, தொழிலாளிமேல் குற்றமில்லை. தொழிலாளியால் தாமதம் என்று தெரிந்தால் கதை வேறு. என்னைப் போன்ற தற்காலிகக்காரர்களை நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். வருகை நேரம் குறிக்கும் டைம் ஆபீஸ்காரர் முதல்முறை ஏன் தாமதம் என்று கேட்டபோது, அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு, "வண்டி இழுக்கல சார். ஏர் ஃபில்டர் அடச்சிக்கினு கீது" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நன்றாகத்தானே வந்தது என்று அவரைப் பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அப்போதுதான் புரிந்தது.

அதன் பிறகு தாமதமான நாளெல்லாம் ஃபில்டர்தான் மாட்டிக்கொண்டது. பாவம், வாயில்லாப் பொருள். அந்த வண்டியில், வண்டி செய்த கம்பெனியே வைத்து அனுப்பிய ஃபில்டர், அடியில் எண்ணெய் நிற்கும் ஒரு இரும்புக் குடுவை. காற்றோடு வரும் மண்ணை அந்த எண்ணெய் பிடித்துக்கொள்ளும். அண்ணன் ஞாயிறுதோறும் பூசைக்குப் போய்வந்து அதைக் கழற்றித் துடைத்து வைப்பார். அதைப்போல ஒழுங்காக வேலை பார்த்த பாகம் அந்த வண்டியில் வேறு இல்லை.

ஏகாம்பரம் நல்லவர். இயந்திரம் என்றால் தனக்குத் தெரியாதது இல்லை என்று நம்புகிறவர். அண்ணன் வாசலில் தினமும் பேச்சு வாங்குவதைப் பார்க்கப் பொறுக்காமல், எல்லோரிடமும் பணம் திரட்டினார். நானும் என் பங்கைக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது? சென்னைக்குப் போய், பளபளவென்று, கூம்பு வடிவில் கம்பிவலை வைத்த ஃபில்டரையும் அகலமான குழாயையும் வாங்கி வந்தார். ஆயுத பூஜையன்று ஆலை வாசலில் சந்தனம், குங்குமம் வைத்து அண்ணன் கையில் கொடுத்தோம். மெக்கானிக்கை வரவழைத்து அங்கேயே மாட்டினார்கள். எஞ்சின் காற்றை உறிஞ்சும் சத்தம் உறுமலாகக் கேட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த டைம் ஆபீஸ்காரரும் சிரித்துக்கொண்டே, இனி ஃபில்டர் சாக்கு செல்லாது, இன்னொரு தரம் தாமதமானால் வேறு வேன் பார்த்துக்கொள்வோம் என்றார்.

நான் மட்டும் விடியப்போகும் காலையை நினைத்துக்கொண்டேன். மறுநாளும் நாத்தனார் மாட்டைக் கறந்துவிட்டுத்தான் வருவாள். பழி போடப் பழைய ஃபில்டர் இருக்காது. ஒன்று அவருடைய ஒப்பந்தம் போகும், இல்லையென்றால் உண்மை வெளியே வந்து என் வேலை போகும். கணவர் அனுப்பும் பணம் மாமியாரின் மருந்துக்கே சரியாகிவிடும்; என் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

அன்று சாயங்காலம் அண்ணனின் மனைவி மேரி அக்கா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அதுவரை எங்களுக்குள் தண்ணீர்க் குழாயடிச் சிரிப்பு மட்டும்தான் பழக்கம்.

"காலைல எனக்கு வூட்ல வேலயே இல்ல. நான் வந்து உன் மாமியாருக்குக் கஞ்சி குடுக்கறேன். உன் நாத்தனா வர்ற வரைக்கும் புள்ளயயும் பாத்துக்கறேன். நீ கெளம்பு" என்றார்.

அண்ணன் அனுப்பினாரா என்று கேட்டேன்.

"அவுரு இன்னாத்துக்கு அனுப்பறாரு? புது ஃபில்டர் வாங்கிக் குடுத்துட்டாங்கன்னு சோறு எறங்காம உக்காந்துகினு கீறாரு."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மறுநாள் விடியும்போதே அக்கா வந்துவிட்டார். நான் தெருமுனைக்குப் போனபோது வேன் அப்போதுதான் வந்து நின்றது. அண்ணன் கதவைச் சாத்திவிட்டு வண்டியை எடுத்தார். பாட்டு மட்டும் வழக்கத்தைவிடச் சத்தமாக வந்தது.

வேன் அதன் பிறகு தாமதமானதே இல்லை. புகழெல்லாம் ஃபில்டருக்குப் போனது. ஏகாம்பரம் பார்த்தவர்களிடமெல்லாம் அதன் பெருமையைப் பேசினார். மற்ற வேன்காரர்கள் அண்ணனிடம் வந்து, நாங்களும் மாற்றலாமா என்று விசாரித்தார்கள். அண்ணனுக்கு அவர்களை ஏமாற்றவும் மனமில்லை, ஏகாம்பரத்தின் முகத்தை வாடவைக்கவும் மனமில்லை. நம் ஊர்த் தூசிக்குப் பழையதே போதும், அதை வாரம் தவறாமல் சுத்தம் செய்தால் வண்டி நன்றாக ஓடும் என்று பொதுவாகச் சொல்வார். அவர்கள் நம்ப மாட்டார்கள். தான் மட்டும் மாட்டிக்கொண்டு நமக்கு வேண்டாம் என்கிறாரே என்று முணுமுணுத்துக்கொண்டு போவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு வழியாகப் போனபோது எஞ்சின் பெட்டி திறந்திருந்தது. அண்ணன் என்னைக் கூப்பிட்டு, புதுக் குழாய்க்குள் விரலை விட்டு எடுத்துக் காட்டினார். விரல் நுனியில் மாவு போலக் கல்குவாரி மண்.

"இது எஞ்சினுக்குள்ள போனா அரம் போட்டு ராவற மாதிரிம்மா. சத்தம் ஏறிச்சின்னா பிக்கப் ஏறிச்சின்னு நெனச்சிக்கிறாங்க. வழவழன்னு ரேஸு ரோட்ல ஓட்றவனுக்கு இது ஆவலாம். நமக்கு ஆவாது" என்றார். பழைய குடுவையை அதன் இடத்தில் மாட்டினார். பளபளக்கும் கூம்பையும் தூக்கிப் போடவில்லை. முன்சீட்டில் வருகிறவர்கள் கண்ணில் படும்படி, எதோடும் சேராமல், பெட்டியின் மேல் அழகாகத் திருகி வைத்தார். தான் இருக்கும்வரை ஏகாம்பரத்திடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். உறுமல் ஏன் நின்றது என்று ஏகாம்பரம் கேட்டதற்கு, ஃபில்டர் வண்டியோடு பழகிவிட்டது என்றாராம். அவரும் ஒப்புக்கொண்டார்.

எனக்கு வேலை நிரந்தரமான அன்று, இறங்கும்போது அண்ணனிடம் நன்றி சொல்ல ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை. "லேட்டானா வண்டியத் திட்டலாம்மா. வண்டிக்கு ரோஷம் வராது" என்றார். அவ்வளவுதான். எங்களுக்குள் அதைப் பற்றி மறுபடி பேச்சே வரவில்லை.

போன வாரம் துக்க வீட்டில் ஏகாம்பரம் அண்ணனின் பேரப்பிள்ளைகளை உட்காரவைத்து, தான் வாங்கிக் கொடுத்த ஃபில்டரால் அந்த வேன் பறந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். வாக்கு முடிந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மெதுவாகச் சொன்னேன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். பிறகு, "அப்ப நான் வாங்கின வண்டிக்கெல்லாம் அதயே தேடித் தேடி மாட்னேனே, அண்ணன் ஒரு வார்த்த சொல்லலியே" என்றார். அதைக் கேட்டு மேரி அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். ஏகாம்பரமும் அழுதார். என்னிடம் கோபமில்லை என்பதுபோல் என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

இப்போது நான் வேறொரு ஆலையில் லைன் சூப்பர்வைசர். இங்கும் பஸ் வருகிறது, இங்கும் கைக்குழந்தைக்காரிகள் இருக்கிறார்கள். சில காலைகளில் வேலை தொடங்கிய பிறகு ஒரு பெண் மூச்சிரைக்க வந்து நிற்பாள். என்ன சொல்வது என்று தெரியாமல் உதட்டைக் கடிப்பாள். அண்ணனிடமிருந்து என்னிடம் தங்கியது அந்த நேரத்தில் நான் கேட்கும் ஒரு கேள்விதான். அவள் வாயைத் திறப்பதற்குள் கேட்டுவிடுவேன்: "இன்னா, பஸ்ஸு மக்கர் பண்ணிச்சா?"

அவள் ஒரு கணம் விழிப்பாள். பிறகு ஆமாம் என்று தலையாட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போவாள்.