யோசப்பின் வாயசைக்கவில்லை

மெல்பேர்னின் டண்டினொங் பகுதியில் யோசப்பினைத் தொலைபேசியில் மட்டும் தெரிந்தவர்கள் எல்லோரும் அவளை ஓர் ஆண் என்றே நம்பியிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மன்னாரில் பாவாடை கட்டித் திரிந்த வயதிலேயே அவளுக்கு மீன் ஏலம் கூறுகிறவரின் தொண்டை வாய்த்துவிட்டது. தேவாலயப் பாட்டுக் குழுவில் சேரப் போனவளிடம் சிஸ்டர், "பிள்ளை, நீ பாடவேண்டாம். வாயை மட்டும் அசை, காணும்" என்று மிக அன்பாகச் சொன்னார். அன்று தொடங்கி நத்தார், ஈஸ்டர், பெருநாள் அத்தனைக்கும் யோசப்பின் சத்தமில்லாமல் வாயசைத்தாள். அது ஆண்டவருக்குக் கேட்டிருந்தால் அது அவருடைய கெட்டித்தனம்.

அவளைக் கட்டியவர் பேதுரு நேர் எதிர். கதவுக்குள் குனிந்து நுழைகிற உயரம், கதவையே கழற்றிவிடுகிற தோள். ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். வாயைத் திறந்தால் மட்டும் பள்ளிக்கூடம் போகிற பெண்பிள்ளையின் குரல் வரும். அதனால் அவர் வாயைத் திறப்பதில்லை. வேலையிடத்தில் அவரை ஆழமான மனிதர் என்று நினைத்திருக்கிறார்கள்.

மெல்பேர்னுக்கு வந்த புதிதில் ஒருநாள் பேதுருவின் வங்கி அட்டை தொலைந்துபோனது. வங்கிக்கு அழைத்தார். "மேடம், அட்டைக்குரியவர்தான் பேசவேண்டும், கணவரைக் கூப்பிடுங்கள்" என்றார்கள். தானே கணவர் என்று எவ்வளவு சொல்லியும் அந்தப் பக்கம் மசியவில்லை. கடைசியில் போனை மனைவியிடம் நீட்டினார். சலாட் தொழிற்சாலையிலிருந்து அப்போதுதான் வந்த யோசப்பின், தலையுறையைக்கூடக் கழற்றாமல் "யெஸ், பேதுரு ஸ்பீக்கிங்" என்றாள். உடனே "நன்றி, சேர்" என்றார்கள், காரியம் முடிந்தது. அதிலிருந்து அதுவே வீட்டின் ஒழுங்காகிவிட்டது. அவருடைய வங்கி, வரி, இன்சூரன்ஸ் எல்லாம் அவள் பேசுவாள். அவளுடைய விஷயங்களை அவர் பேசுவார். பெண்நோய் மருத்துவரிடம் அவளுக்கு நாள் கேட்டவர்கூட அவர்தான். உயிரை அப்படி இப்படி மாற்றாமலே, கூடு விட்டுக் கூடு பாய்ந்து குடித்தனம் நடத்தினார்கள்.

இந்தப் பழக்கம் மேடை ஏறியது பார்த்தசாரதியால். அவர் சென்னைக்காரர், கணினி வேலை, வார இறுதியில் நாடகாசிரியர். வார நாட்களில் நல்ல மனிதர். தமிழ்ச் சங்கக் கலைவிழாவுக்கு அவர் எழுதிய நாடகத்தில், சண்டை போட்டுக்கொண்டே ஒரு கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் மைக்ரோவேவில் கைவைக்கிறார்கள். ஷாக் அடித்து அவர் உயிர் இவளுக்குள்ளும் இவள் உயிர் அவருக்குள்ளும் போய்விடுகிறது. பார்த்தசாரதிதான் கணவன். மருந்துக்கடை நடத்தும் மோனிகா மனைவி. ஒத்திகை அந்த மைக்ரோவேவைத் தாண்டவே இல்லை.

உயிர் மாறினால் குரல் யாரோடு போகும்? இதுதான் சிக்கல். கூடு மாறும் கதை எழுதுகிறவர்கள் யாரும் இதை நேர்மையாக யோசிப்பதில்லை. உயிர் புறப்படும்போது ஞாபகம், கோபம், கோப்பி குடிக்கும் பழக்கம் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு போகும். தொண்டையை மட்டும் பழைய வீட்டிலேயே விட்டுவிடும். சரி, குரல் உடம்புக்குத்தான் சொந்தம் என்றால், உள்ளே இருப்பது யார் என்று மண்டபத்தின் கடைசி வரிசைக்கு எப்படித் தெரியும்? குரல் உயிரோடு போகும் என்றால், மோனிகாவின் வாயிலிருந்து ஆண் குரல் வரவேண்டும். மோனிகா முயன்று பார்த்து இருமினாள். பார்த்தசாரதி பெண் குரலில் பேசியதைக் கேட்டவர்கள் அதைப் பற்றி இன்றுவரை பேசுவதில்லை.

அந்த நேரத்தில்தான் யோசப்பின் பேதுருவையும் கூட்டிக்கொண்டு ஒத்திகைக்காரர்களுக்கு மட்டன் ரோல்ஸ் கொண்டுவந்தாள். "தம்பி, இதை எங்க வைக்கிறது?" என்றாள்.

முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற மோனிகா, "அந்த டேபிள்ல வைங்க சார்" என்றாள்.

பார்த்தசாரதியின் முகம் மலர்ந்தது. "அக்கா, நீங்க திரைக்குப் பின்னாடி நின்னு மைக்ல பேசுறீங்க. முன்னாடி மோனிகா வாயசைப்பா. பிரமாதமா இருக்கும்."

வாயசைப்பது என்ற சொல்லைக் கேட்டதும் யோசப்பினுக்குச் சிஸ்டரின் ஞாபகம் வந்தது. அறுபதை நெருங்கும் வயதில், அந்தப் பழைய அவமானம் ரோல்ஸ் தட்டோடு கையில் நின்றது. "திரைக்குப் பின்னால நான் நிக்க மாட்டன்" என்றாள். "நானும் இவரும் முன்னால நடிக்கிறம். ஷாக் அடிக்கிற வரைக்கும் நீங்கள் ரெண்டு பேரும் பின்னால நிண்டு எங்களுக்குக் குரல் தாங்கோ. ஷாக் அடிச்சபிறகு ஒருத்தரின்ர குரலும் எங்களுக்குத் தேவையில்லை."

பார்த்தசாரதிக்குப் புரியவில்லை. யோசப்பின் கணவரை இடித்தாள். பேதுரு தரையைப் பார்த்துக்கொண்டு, "வணக்கம்" என்றார். மண்டபத்தில் ஒருவர் கதிரையிலிருந்து வழுக்கி விழுந்தார். நாடகம் அந்த நொடியில் கைமாறிவிட்டது.

காரில் ஏறியதும் பேதுரு மறுத்தார். "என்னால ஏலாது. சனம் சிரிக்கும்."

"சிரிக்கிறதுக்குத்தானே அவை வருகினம்."

"நாடகத்தைப் பாத்துச் சிரிக்கிறது வேற. என்னைப் பாத்துச் சிரிக்கிறது வேற."

அவர் சொன்னது சரி என்று யோசப்பினுக்குத் தெரியும். "நான் ஒருக்காவெண்டாலும் என்ர குரலில மேடையில பேசவேணும், அப்பா. தனிய நிண்டு பேச எனக்குப் பயம்" என்றாள். பேதுரு வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, "கடைசிக் காட்சியில உயிர் திரும்பி மாறேக்க அந்தத் தம்பியின்ர குரல் எனக்கு வருமெல்லோ? அப்பிடியெண்டால் வாறன்" என்றார். சனம் வீட்டுக்குப் போகும்போது தன்னை ஒரு முழு ஆம்பிளையாக நினைத்துக்கொண்டு போகட்டும் என்பது அவர் ஆசை.

விழா நாளில் ஷாக் அடித்தது. யோசப்பின் சேலை கட்டிக்கொண்டு அந்த ஏலக் குரலில் "எடியே, நான் இடுப்பில கட்டுற சாரம் எங்க?" என்று கேட்டபோது மண்டபம் அதிர்ந்தது. பேதுரு பயந்து பயந்து கீச்சிட்டது இன்னும் எடுபட்டது. குரல் கொடுப்பவர் யாரென்று பார்க்கச் சிலர் திரையின் ஓரத்தை எட்டிப் பார்த்தார்கள். இரண்டு பேரும் வாயசைக்கிறார்கள் என்றே எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள். யோசப்பினுக்கு அது சுருக்கென்றது. வாழ்க்கையில் முதல்முறையாகச் சொந்தக் குரலில் பேசுகிறாள், அதை இரவல் என்கிறார்கள்.

கடைசிக் காட்சி வந்தது. மறுபடி ஷாக். உயிர்கள் அதனதன் இடத்துக்குத் திரும்பின. கதைப்படி எல்லாம் சரியாகிவிட்டது, அதாவது இருவருக்கும் வேறு ஆட்களின் குரல் வந்துவிட்டது. திரைக்குப் பின்னாலிருந்து மோனிகா தேன் வழிய, "என்னங்க, வீட்டுக்குப் போகலாமா?" என்றாள்.

யோசப்பின் வாயை அசைக்கவில்லை. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள். மோனிகா பதறி அதே வசனத்தை இன்னொருமுறை சொன்னாள். மூடிய வாயிலிருந்து தேன் வழிவதைப் பார்த்துச் சபை சிரித்தது. சிரிப்பு அடங்கும்வரை யோசப்பின் காத்திருந்தாள்.

பிறகு தன் குரலில் சொன்னாள். "இஞ்சேருங்கோ, வீட்ட போவமே?"

சபை குழம்பியது. உயிர் இன்னும் மாறவில்லையா என்று முன்வரிசையில் ஒருவர் சத்தமாகவே கேட்டார். திரைக்குப் பின்னால் பார்த்தசாரதி மைக்கைப் பிடித்துக்கொண்டு, பேதுரு வாயைத் திறக்கட்டும் என்று தயாராக நின்றார். பேதுரு ஆசைப்பட்டு வந்ததே அந்தக் கனத்த குரலுக்காகத்தான். அவர் மனைவியைப் பார்த்தார். இப்போது அவர் வாயசைத்தால், அவள் அங்கே தனியாகத்தான் நிற்பாள்.

பேதுரு திரைப் பக்கம் கையை உயர்த்திப் பார்த்தசாரதியை நிறுத்தினார். நாடகத்தில் மனைவிக்கு வேறு பெயர். அதையும் மறந்துவிட்டு, "ஓம் யோசப்பின், போவம்" என்றார், மெல்லிய, சொந்தக் குரலில்.

யாரும் சிரிக்கவில்லை. திரைக்குப் பின்னால் யாரும் பேசவில்லை என்பது வரிசை வரிசையாக எல்லோருக்கும் விளங்கியது. பிறகு கைதட்டினார்கள். பார்த்தசாரதி மட்டும், "அக்கா, லாஜிக் போச்சு" என்று புலம்பிக்கொண்டே ரோல்ஸ் சாப்பிட்டார்.

அடுத்த கிழமை வங்கியிலிருந்து பேதுருவைக் கேட்டு அழைத்தார்கள். வழக்கம்போல் அவர் போனை நீட்டினார். யோசப்பின் வாங்கவில்லை. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பேதுரு ஸ்பீக்கிங்" என்றார். இத்தனை வருடமாகத் தங்களுக்குப் பழக்கமான பேதுரு சேர் இவர் இல்லை என்று வங்கி சரியாகவே கண்டுபிடித்து, கணக்கை முடக்கிவிட்டது.

இருவரும் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு கிளைக்கு நேரிலேயே போனார்கள். பேதுரு கவுண்டரில் குனியாமல் நின்று தன் பெயரைச் சொன்னார். பக்கத்துக் கவுண்டரில் யோசப்பின் தன் பெயரைச் சொன்ன சத்தத்துக்கு வரிசையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.