ஜேபெஸின் மூச்சில் நின்ற வீடு

ஜேபெஸ் தும்மினால் கெசியா கஷாயம் வைப்பாள். அவன் அவளுக்குத் தம்பியா, மகனா? ஒரு உறவும் கிடையாது. ஊர்க் கோடியில் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்கிற குடிகாரன். ஆனாலும் மழையில் அவன் நனைந்தான் என்று கேள்விப்பட்டால், புருஷனை இழந்த அந்தப் பாவி மனுஷி கம்பளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். பக்கத்து வீட்டிலிருந்து அந்தக் கூத்தைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

காரணம் அந்த வீட்டுப் பத்திரம். இங்கிலாந்தில், எங்கள் டோர்செட் பக்கத்தில், பிரபுவின் நிலத்தில் குடிசை கட்டுகிறவனுக்கு வருஷக் கணக்கில் பத்திரம் தரமாட்டார்கள். ஆயுள் கணக்கில்தான் தருவார்கள். மூன்று பேரின் பெயரைச் சொல்ல வேண்டும். மூவரில் ஒருவர் உயிரோடு இருக்கும்வரை வீடு நம்முடையது. கடைசி ஆளும் கண்ணை மூடினால், நாம் குழைத்த மண்ணும் நாம் வேய்ந்த வைக்கோலும் பிரபுவுக்குப் போய்விடும். கெசியாவின் புருஷன் ஆபெல் தன் பெயரைச் சொன்னான், மகன் சைலஸின் பெயரைச் சொன்னான். மூன்றாவதாக, எல்லோரும் செய்கிற மாதிரி, ஊரிலேயே தெம்பான பச்சைக் குழந்தையாகப் பார்த்துச் சொன்னான். ஞானஸ்நானத்தன்று கோவில் அதிரக் கத்திய ஜேபெஸ்தான் அந்தக் குழந்தை.

ஆபெல் வைக்கோல் போரிலிருந்து விழுந்து செத்தான். சைலஸைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. செத்தவர்களுக்குப் பதிலாக வேறு பெயர் சேர்க்கச் சொல்லி கெசியா பிரபுவின் காரியஸ்தரிடம் கெஞ்சினாள். குடிசைகளை இடித்துவிட்டு ஆடு மேய விடலாம் என்று காத்திருக்கிற மனுஷன், முடியாது என்று சொல்லிவிட்டார். மிச்சம் ஜேபெஸ் ஒருவன்தான்.

அது அவனுக்கும் தெரியும். மத்தியானமானால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பான்.

“கெசியாம்மா, நேத்துலேர்ந்து இங்க குத்துது. போய்ச் சேர்ந்துடுவேன் போலிருக்கு.”

“வாயக் கழுவுடா! உக்காரு. பன்னிக்கறி போட்டு சூப்பு வச்சிருக்கேன். சூடா குடி.”

“கூட ஒரு கோப்பை ஆப்பிள் மது இருந்தா நெஞ்சுக்கு இதமா இருக்கும்.”

“இவனுக்கா சாவு வரும்? சாத்தானே வேணாம்னு திருப்பி அனுப்பிடுவான். நீ ஏன்க்கா நடுங்குற?” என்பேன் நான்.

“உனக்கென்ன தெர்சா, உன் வீடு உன் அண்ணனோட சொந்த வீடு” என்பாள் அவள்.

அவள் நடுங்கியது தனக்காக இல்லை, மகள் டைனாவுக்காக. டைனாவுக்குப் பிறவியிலேயே இடுப்பு வளைவு. வயல் வேலைக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து வியாபாரிக்குத் தோல் கையுறை தைத்துக் கொடுப்பாள். கூரை இருந்தால் அந்த வருமானத்தில் பிழைத்துக்கொள்ளலாம். கூரை போனால், கதியற்றவர்களை அடைத்து வேலை வாங்குகிற ஏழை விடுதிதான். அந்த விடுதி வாசலில் என் தங்கையை விட்டுவிட்டு வந்தவள் நான். உள்ளே போனதும் தலைமுடியை வெட்டினார்கள், பிள்ளையை வேறு கட்டடத்துக்குக் கொண்டுபோனார்கள். அவள் திரும்பி வரவே இல்லை. அதனால் கெசியாவை நான் கிண்டல் பண்ணினாலும், ‘விடுதி’ என்ற பேச்சு வந்தால் வாயை மூடிக்கொள்வேன்.

அந்த இலையுதிர் காலத்தில் கெசியாவுக்குக் கால் வீங்கியது, மூச்சு வாங்கியது. பாதிரியாரை வரவழைத்து உயில் எழுதினாள். வீடு, அடுப்புச் சட்டி, கட்டில் எல்லாம் மகளுக்கு. நல்ல காரியம் என்றுதான் நானும் நினைத்தேன். பொழுது சாயுமுன் செய்தி பீர்க் கடைக்குப் போய்விட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜேபெஸ் முகம் கழுவி, தலை வாரி வந்தான். சூப்புக் கேட்கவில்லை. இருமவும் இல்லை.

“அத்தை, எப்படி இருக்கீங்க?” என்றான்.

கெசியாவின் கையிலிருந்து கரண்டி நழுவியது. “யாருக்குடா அத்தை?”

“எனக்குத்தான். வீட்ட டைனா பேருக்கு எழுதிட்டீங்களாமே. ஆம்பள இல்லாத வீடு நல்லாவா இருக்கும்? நான் கட்டிக்கிறேன்.”

“அவ உனக்குப் பொண்ணு மாதிரிடா!”

“வேணாம்னா விடுங்க. கனடாவுக்குக் கப்பல் ஏறிடுறேன். மார்ச்சுல என் பேரக் கூப்பிடுறப்ப, ‘இருக்கேன்’னு நீங்களே போய்ச் சொல்லிக்கங்க.”

மார்ச்சு மாதம் மாதா திருநாளன்று சத்திரத்து மாடியில் பிரபுவின் சபை கூடும். பத்திரத்தில் உள்ள ஆயுள்காரனின் பெயரை மூன்று தரம் கூப்பிடுவார்கள். அவனே வந்து நின்று பதில் சொல்ல வேண்டும். வராதவன் செத்தவன். எங்கள் ஊர் வழக்கம் அப்படி.

கெசியா சரி என்று சொல்லிவிட்டாள். பயம் சொல்ல வைத்தது. டைனா கையுறையிலிருந்து கண்ணை எடுக்காமல், “சரிம்மா” என்றாள். அவ்வளவுதான்.

ஜேபெஸின் முதல் பெண்டாட்டி ரோடா, வழுக்கி விழுந்து செத்தாள் என்று அவன் சொன்னான். அவளைக் குளிப்பாட்டிக் கிடத்தியவள் நான். வழுக்கி விழுந்தவளின் கழுத்தில் விரல் தடம் எப்படி வரும்? ஊரில் எல்லோருக்கும் தெரியும். கெசியாவுக்கும் தெரியும். பெண்டாட்டி சொத்து புருஷனுக்கு என்பதுதான் எங்கள் நாட்டுச் சட்டம். கல்யாணம் முடிந்தால் உயிலும் அவனுக்கு, வீடும் அவனுக்கு, பெண்ணும் அவனுக்கு.

இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை உண்டா என்று கோவிலில் கல்யாண ஓலை வாசிக்க ஆரம்பித்தார்கள். மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். முதல் ஓலை முடிந்தது, யாரும் தடை சொல்லவில்லை. இரண்டாவது ஓலை முடிந்த மத்தியானம் நான் கெசியா வீட்டில் இருந்தேன். ஜேபெஸ் ஆபெலின் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

“எங்க, கையக் காட்டு” என்று டைனாவைக் கூப்பிட்டான். அவள் நீட்டினாள். “தைக்கிற கை. நல்ல கை. இனி காசு வந்தா எங்கிட்டதான் வரணும், என்ன?” என்று சொல்லிக்கொண்டே மணிக்கட்டை அழுத்தினான். சிரித்துக்கொண்டே அழுத்தினான். டைனா உதட்டைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்க்கவில்லை. அவன் விட்டபோது அவள் விரல்கள் வெளுத்திருந்தன.

“விளையாட்டுக்கு, அத்தை” என்றான்.

அவன் போன பிறகு கெசியா வீங்கிய காலை இழுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள்.

“தெர்சா, வீடு போனா விடுதி. வீடு நின்னா அவன். இந்த ரெண்டுல நான் எதுக்குடி பயப்படணும்? நீயாவது சொல்லேன்.”

நான் வாயாடி என்று பேரெடுத்தவள். அன்றைக்கு அவள் வீங்கிய காலுக்கு முக்காலியை மட்டும் நகர்த்தி வைத்தேன்.

மூன்றாவது ஞாயிறு கோவில் நிறைந்திருந்தது. பாதிரியார் ஓலையை வாசித்து, “யாருக்காவது தடை உண்டா?” என்று கேட்டுவிட்டு, வழக்கம்போல அடுத்த பக்கத்தைப் புரட்டப் போனார். என் பக்கத்தில் பலகை கிரீச்சிட்டது. கெசியா எழுந்து நின்றிருந்தாள்.

“ஐயா, நான் பெத்தவ. அவளுக்கு இன்னும் இருபத்தொண்ணு ஆகல. எனக்குச் சம்மதமில்ல.”

குரல் கீச்சென்று வந்தது. ஆனாலும் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. இருபத்தொன்று ஆகாத பெண்ணுக்குப் பெற்றவள் சபை நடுவே மறுத்தால், அந்த ஓலை செல்லாது. பாதிரியார் புத்தகத்தை மூடினார்.

வாசலில் ஜேபெஸ் நின்றிருந்தான். அவன் கத்துவான், அடிக்க வருவான் என்று நான் கையில் குடையை இறுக்கிப் பிடித்திருந்தேன். அவன் கத்தவில்லை. கெசியாவின் காதருகே குனிந்து, “நான் எங்க சாவேன், என்னிக்குச் சாவேன்னு இனி உனக்குத் தெரியவே போறதில்ல” என்றான். அந்த வாரமே ஊரை விட்டுப் போய்விட்டான்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவர்கள் வீட்டில் சத்தமாக மூச்சுவிடக்கூட யோசித்தார்கள். எங்கோ ரயில் சுரங்கம் சரிந்தது, அதில் அவனும் செத்திருக்கலாம் என்றார்கள். பிரிஸ்டல் துறைமுகத்தில் அவனைப் பார்த்ததாக ஒரு வண்டிக்காரன் சொன்னான். கதவு தட்டினால் கெசியா எழுந்திருக்க மாட்டாள், டைனாதான் போய்த் திறப்பாள். ஒரு நாள் காரியஸ்தர் குதிரையில் வந்து, இறங்காமலே, கைத்தடியால் கூரை வைக்கோலைக் குத்திப் பார்த்துவிட்டுப் போனார்.

மாதா திருநாளன்று நானும் அவர்களோடு சத்திரத்துக்குப் போனேன். மாடி முழுக்கக் கூட்டம். சில வீடுகளுக்கு ஆள் வந்து “இருக்கேன்” என்று சொன்னான், அந்த வீட்டுக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு காரியஸ்தர் ஜேபெஸின் பெயரைக் கூப்பிட்டார். பதில் இல்லை.

இரண்டாம் தரம் கூப்பிட்டார்.

படிக்கட்டில் பூட்ஸ் சத்தம் கேட்டது. கனத்த கால். நடுவில் ஒரு இருமல். எல்லாத் தலைகளும் கதவுப் பக்கம் திரும்பின. முட்டாள் நான், மனசுக்குள் துள்ளினேன்: வந்துவிட்டான், வீடு தப்பித்தது! அப்போது கெசியா என் கையைப் பிடித்தாள். நகம் தோலுக்குள் இறங்கியது. அவள் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. குனிந்து கேட்டேன்.

“ஆண்டவரே, அவனா இருக்கக் கூடாது. அவனா இருக்கக் கூடாது.”

கதவைத் தள்ளிக்கொண்டு சத்திரத்துக் கிழவன் கணப்புக்கு நிலக்கரி வாளியோடு வந்தான்.

காரியஸ்தர் மூன்றாம் தரமும் கூப்பிட்டார். யாரும் பேசவில்லை. அவர் பேனாவால் ஒரு கோடு கிழித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். கெசியா என் கையை விட்டாள். விட்ட இடத்தில் ரத்தம் கசிந்திருந்தது.

“வா டைனா, சாமான எடுக்கணும்” என்றாள்.